விந்து முந்துதல்: அக்கறையோடு முயல்பவர்களும் செய்யும் தவறுகள்

விந்து முந்துதலுக்கு ஆலோசனை கேட்டு வரும் ஆண்களிடம், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். திருமணமான முதல் நான்கு ஆண்டுகளில் நான் செய்த தவறுகளையே, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்கள் சொல்லக் கேட்கும்போது மனம் வருந்துகிறது. விளம்பரத்தைப் பார்த்துப் பெயர் தெரியாத மருந்தை விழுங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே விளக்கப் போவதில்லை.

இல்லாத குறைக்கு மருந்து தேடுவது

2005இல் வெளியான ஐந்து நாடுகளின் ஆய்வொன்றில், உள்ளே நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும்வரையான நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடம்தான். வாழ்நாள் முழுவதும் இருந்துவரும் விந்து முந்துதல் என்பது, உறவு தொடங்குவதற்கு முன்போ தொடங்கிய ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள்ளோ விந்து வெளியேறுவதும், அதைத் தள்ளிப்போட முடியாமையும், அதனால் வரும் மனவேதனையும் சேர்ந்த நிலையாகும். ஆறு நிமிடம் போதவில்லை என்று வருபவருக்குத் தேவைப்படுவது சிகிச்சை அன்று, சரியான தகவல்.

மனதை வேறெங்கோ அனுப்புவது

இந்த ஒரு தவறுதான் எனக்கு இரண்டு ஆண்டுகளை இழக்கச் செய்தது. இன்றும் யாராவது இதை ஓர் உத்தியாகச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் எரிச்சலை அடக்க முடிவதில்லை. உணர்ச்சி ஏறும்போது கணக்குப் போட்டால் தாமதமாகும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, முந்நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை இருநூற்று எழுபத்தொன்பதைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். என் முகத்தில் தெரிந்த அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு, "என்னைப் பிடிக்கவில்லையா?" என்று ஓர் இரவு என் மனைவி கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விந்து வெளியேறுவது தண்டுவடம் வழியாக நிகழும் ஓர் அனிச்சைச் செயல். மனம் வேறிடத்தில் இருப்பதால் அது நின்றுவிடாது. அது நெருங்கி வருவது நமக்குத் தெரியாமல் போவது மட்டுமே நடக்கும். மூச்சு குறுகுவது, தொடைகள் விறைப்பது, விதைகள் மேலேறுவது, ஆசனவாயைச் சுற்றிய தசைகள் இறுகுவது ஆகிய அறிகுறிகளை உணர்பவரால்தான் உரிய நேரத்தில் நிறுத்த முடியும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது.

ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் 1956இல் விவரித்த 'நிறுத்தித் தொடங்கும்' பயிற்சி இந்த உணர்தலையே அடிப்படையாகக் கொண்டது. கிளர்ச்சியை ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பிட்டு, ஏழில் தூண்டுதலை நிறுத்தி, அது நான்கு வரை இறங்கியபின் மீண்டும் தொடங்கும்படி நான் சொல்கிறேன். முதலில் தனிமையில் கையால், பிறகு துணையின் கையால், அதன்பின் உள்ளே அசைவின்றி இருந்து, கடைசியாக மெதுவான அசைவுடன் என்று வாரக்கணக்கில் முன்னேற வேண்டும். அண்மையில் வந்த ஓர் இளைஞர் இப்பயிற்சியை மூன்று மாதம் செய்தும் பயனில்லை என்றார். நிறுத்தும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, மனத்துக்குள் வாய்ப்பாடு சொல்வதாகக் கூறினார். கவனிக்க வேண்டிய அந்த நொடியிலேயே அவரும் என்னைப் போல மனதை வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

தசைகளை இறுக்க மட்டும் கற்பது

சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி பலருக்கு உதவுகிறது. ஆனால், இறுக்கிய தசையைத் தளர்த்தவும் பழகாதவர்கள், உறவின்போது அதை இறுக்கியே வைத்திருந்து உச்சத்தை விரைவுபடுத்திக்கொள்கிறார்கள்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பை அள்ளிப் பூசுவது

லிடோகைன், பிரைலோகைன் கலந்த களிம்பு உண்மையில் பயன் தரக்கூடியது. அதிகமாகப் பூசினால் விறைப்பே தளர்ந்துவிடலாம். துடைக்காமல் உறவுகொண்டால் துணைக்கும் மரத்துப்போகும். சிறிதளவு பூசி, மருத்துவர் சொன்ன நேரம்வரை காத்திருந்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

மது

வேண்டாம், விந்து முந்துதலுக்கான மாத்திரையாகிய டாபாக்சிடினுடன் சேர்த்து அறவே வேண்டாம், மயங்கி விழ நேரலாம்.

மாத்திரையைத் தன்னிச்சையாகக் கையாள்வது

டாபாக்சிடின், உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு, தேவைப்படும் நாளில் மட்டும் எடுக்கும் மருந்து. மனச்சோர்வுக்கும் தரப்படும் பரோக்சிடின் போன்றவை அன்றாடம் எடுக்கப்படுபவை. பலன் தெரியவே ஓரிரு வாரங்கள் ஆகும். அவற்றை மூன்றாம் நாளே பயனில்லை என்று விடுவதும், மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தித் தலைச்சுற்றலுக்கும் குமட்டலுக்கும் ஆளாவதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள். குழந்தைக்கு முயல்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; இவ்வகை மருந்துகள் விந்தணுக்களைப் பாதிக்கக்கூடும்.

விறைப்பைக் கவனியாதது

பல ஆண்டுகள் நன்றாக இருந்து, பின்னர் முந்தத் தொடங்கியவர்கள் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. விறைப்பு தளர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் தாமே அவசரப்படுபவர்கள் இவர்களில் பலர். அவர்களுக்கு விறைப்புக் குறைபாட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பதும், புராஸ்டேட் சுரப்பியின் அழற்சியும் காரணமாகலாம்.

துணையிடம் சொல்லாமல் பயிற்சி செய்வது

பாதியில் ஏன் நிறுத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாவிட்டால், அந்த நிறுத்தத்தை அவர் விலகலாகவே எடுத்துக்கொள்வார். என் மனைவியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.