பாயசத்தின் மேல் பழி போடாதீர்கள்: ஒற்றைத் தலைவலியும் சாப்பாட்டுத் தவறுகளும்

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலை ஆறு மணி முகூர்த்தம். முந்தின ராத்திரி படுக்க ஒரு மணி ஆனது, மூன்றரைக்கு எழுந்தாயிற்று. டிபன் பந்தியில் இடம் கிடைத்தபோது ஒன்பதரை. தலை கொள்ளாத மல்லிகை, காதருகே மேளம், வீடியோக்காரரின் விளக்கு. மதியம் பால் பாயசம் குடித்த அரைமணி நேரத்தில் வலது பொட்டு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. "பாயசம் ஒத்துக்கலடி" என்று சித்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் பாயசத்தைத் தொடவில்லை. தலைவலி அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளி ஆக்குவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு. வலி தெரிவதற்கு ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் முன்பே மூளையில் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி தொடங்கிவிடும். ஓயாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, சிடுசிடுப்பு, இனிப்பு தின்னும் ஆசை எல்லாம் அதன் அறிகுறிகள். சாக்லேட் தின்றதால் தலைவலி வந்தது என்கிறோம். பல நேரம் தலைவலி வரவிருந்ததால்தான் நாக்கு சாக்லேட் கேட்டிருக்கும்.

என்ன சாப்பிட்டோம் என்று நோண்டுகிற நாம், எப்போது சாப்பிடாமல் இருந்தோம் என்று பார்ப்பதே இல்லை. வேளை தவறுவது மைக்ரேனைக் கிளப்பும் முக்கியமான காரணங்களில் ஒன்று. சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்கும் மைக்ரேன்காரர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்கு ஆறிப்போன இட்லியைத் தின்னும் அம்மாக்கள் இதையும் விரதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது காப்பி. தினமும் ஆறு மணிக்கு டிகிரி காப்பி குடிப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வரை தூங்கினால், காப்பியில் உள்ள காஃபின் கிடைக்காததாலேயே தலை வலிக்கும். தூக்க நேரம் மாறியதும் சேர்ந்துகொள்ளும். அதற்காக ஒரே நாளில் காப்பியை நிறுத்துவதும் வம்புதான். இரண்டாம் நாளுக்குள் மண்டை பிளக்கும். நாளுக்கு இரண்டு சிறு டம்ளர், ஒரே நேரத்தில். குறைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக.

பிறகு அந்த 'தவிர்க்க வேண்டிய உணவுகள்' பட்டியல்கள். அவற்றில் முதலில் நிற்கும் பழைய சீஸில் டைரமின் என்ற பொருள் உண்டு. சிலருக்கு அது ஆகாது. ஆனால் நாள்பட முதிரவைத்த சீஸ் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? அன்றன்று திரித்த பனீர் அந்த வகையில் சேராது. அஜினமோட்டோ மேல் உள்ள குற்றச்சாட்டும் ஆய்வுகளில் உறுதியாக நிரூபணமாகவில்லை. பட்டியலை நம்பிப் பால், தக்காளி, வேர்க்கடலை, வாழைப்பழம் என்று ஒன்றொன்றாக ஒதுக்கினால் கடைசியில் அரைப்பட்டினி. அதுவே தலைவலிக்கு அழைப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு பொருளை மட்டும் சில வாரம் நிறுத்திப் பாருங்கள். தலைவலி வந்த நாட்களை ஒரு டைரியில் குறித்து வையுங்கள். அதில் சாப்பாட்டோடு தூக்கம், வெயில், மாதவிலக்கு எல்லாம் இருக்கட்டும். என் நோட்டில் மூன்று மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டே: தள்ளிப்போன காலைச் சாப்பாடும் கெட்ட தூக்கமும்.

வாந்தி எடுத்தால் வலி குறைகிறது, ஆகவே இது பித்தம் என்று விரலை விட்டு வாந்தி எடுப்பவர்கள் உண்டு. குமட்டல் மைக்ரேனின் ஒரு பகுதிதானே தவிர காரணம் இல்லை. அந்த நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடுவதால் விழுங்கும் மாத்திரையும் சீக்கிரம் ஏறாது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை வலி முற்றும் முன் போட வேண்டும் என்பது இதனால்தான்.

அதற்காக மெடிக்கலில் வாங்கி வாங்கிப் போடவும் கூடாது. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், காஃபின் கலந்த கூட்டு மாத்திரை 10 நாள் என்று சில மாதம் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் வலி, வாய் குழறல், கை கால் வலுவிழப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி என்றால் டைரியும் வேண்டாம், சுக்குப் பத்தும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இந்தத் தையில் இன்னொரு கல்யாணம். நாலு மணிக்கே இரண்டு இட்லியை வீட்டில் முடித்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன். மதியம் பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.