‘மாடரேட்’ என்ற சொல்லைக் குழப்பமில்லாமல் பயன்படுத்துவது எப்படி?

வானிலை அறிக்கை, ஸ்கேன் ரிப்போர்ட், வரலாற்றுப் புத்தகம், கேக் செய்முறை, இயற்பியல் பாடம் எல்லாவற்றிலும் வந்து நிற்கிற ஒரே ஆங்கிலச் சொல் ‘மாடரேட்’. அகராதியைத் திறந்தால் ‘மிதமான’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டும் படிக்க முடியாது, கேக்கும் சுட முடியாது. எனக்கு வேலைக்கு ஆன வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். பெயரடை, வினை என்றால் என்ன என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதற்குள் போகவில்லை.

படி 1: காதால் பிரித்துக்கொள்ளுங்கள்

எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. பெயரடையாகவோ பெயராகவோ வந்தால் கடைசி அசையை விழுங்கி ‘மாடரட்’ என்பார்கள். வினையாக வந்தால் ‘மாடரேட்’ என்று கடைசியில் நீட்டுவார்கள். இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான். எஸ்டிமேட், செபரேட், டூப்ளிகேட், கிராஜுவேட் எல்லாம் இதே ஜாதி. நம் ஊரில் எல்லாவற்றையும் ‘ஏட்’ என்று நீட்டியே சொல்கிறோம், அதனால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனால் வேகமாகப் பேசும் ஒருவரைக் கேட்கும்போது இந்த வித்தியாசம் பிடிபட்டால் வாக்கியத்தில் வினை எது என்பது உடனே தெரிந்துவிடும். (எழுதும் வசதிக்காக இங்கே எல்லா இடத்திலும் ‘மாடரேட்’ என்றே போடுகிறேன்.)

கருவி என்று கேட்டால், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் இணைய அகராதியில் பெயரடைக்கும் வினைக்கும் தனித்தனி ஒலிப்பதிவு இருக்கிறது, அதுவே போதும். நிஜமான ஆட்கள் பேசிக் கேட்க வேண்டுமென்றால் யூகிளிஷ் என்ற இணையதளம். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைத் தட்டி வருகிற விடையை நம்புவதை விட்டுவிடுங்கள். முழு வாக்கியத்தைப் போட்டாலாவது ஏதோ கொஞ்சம் தேறும்.

படி 2: எந்த ஏணி என்று கேளுங்கள்

முக்கியமான படி இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். ‘மாடரேட்’ தன்னளவில் எந்த அளவையும் சொல்வதில்லை. ஓர் ஏணியில் நடுப்படி என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த ஏணியில் மொத்தம் எத்தனை படி, கீழே என்ன பெயர், மேலே என்ன பெயர் என்று தெரியாமல் இந்தச் சொல்லைப் படித்துப் பயனில்லை.

நமக்குப் பழகிய மழையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்’ என்று கேட்டால் குடைகூட எடுக்காமல் கிளம்பிவிடுகிறோம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 15.6 மில்லிமீட்டர் முதல் 64.4 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது மாடரேட். அதற்குக் கீழே லேசான மழை, 64.5-இலிருந்து கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. இப்போது 60 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 6,000 லிட்டர், அதாவது ஒரு சின்னத் தண்ணீர் லாரி முழுவதும் உங்கள் மாடியில் வந்து கொட்டியிருக்கிறது. அத்தனையும் ஒரே மணி நேரத்தில் கொட்டினாலும், நாள் முழுக்க அதற்கு மேல் பெய்யாவிட்டால் கணக்கில் அது மிதமான மழைதான். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ‘மிதமான மழைன்னுதானே சொன்னாங்க’ என்று வானிலைக்காரர்களைத் திட்டுவதில் நியாயமில்லை.

காற்றுத் தரம் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஒரே பெயரில் இரண்டு ஏணிகள். இந்தியக் குறியீட்டில் 101 முதல் 200 வரை மாடரேட். அமெரிக்கக் குறியீட்டில் 51 முதல் 100 வரைதான் மாடரேட், 151-ஐத் தொட்டாலே ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்று சிவப்பில் வந்துவிடும். இரண்டிலும் எண்ணைக் கணக்கிடும் முறையே வேறு என்பதால் இங்குள்ள 160-ஐயும் அங்குள்ள 160-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் கூடாது. போனில் இருக்கும் செயலி எந்த நாட்டுக் குறியீட்டைக் காட்டுகிறது என்று செட்டிங்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மருத்துவம். எங்கள் வீட்டில் அப்பாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஒரு வால்வுக்கு நேரே ‘மாடரேட்’ என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியை விரலால் தொட்டு, ‘மிதம்னுதான் போட்டிருக்கான், அப்ப பயப்பட ஒண்ணுமில்லைல?’ என்று கேட்டார். டாக்டரிடம் அதையே கேட்டோம். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் நான்கு கோடு போட்டு, கீழிருந்து டிரிவியல், மைல்ட், மாடரேட், சிவியர் என்று எழுதி மூன்றாவது கோட்டின்மேல் பேனாவை வைத்தார். ‘இங்க இருக்கீங்க ஐயா. பயப்பட வேண்டாம், ஆனா மாத்திரையை விட்றாதீங்க, சொன்ன தேதிக்குத் திரும்ப எக்கோ எடுக்கணும்.’ அப்பாவுக்கு அந்த நான்கு கோடு புரிந்த மாதிரி வேறு எந்த விளக்கமும் புரிந்திருக்காது. அதற்கப்புறம் எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் அந்த மாதிரி கோடு போட்டுவிடுகிறேன்.

ரத்தசோகைக்கும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் 10 முதல் 10.9 வரை (நடு மூன்று மாதங்களில் 10.4 வரை) இருந்தால் மைல்ட், 7 முதல் 9.9 வரை மாடரேட், 7-க்குக் கீழே போனால் சிவியர். மாடரேட்டின் கீழ்முனையான 7.1 எவ்வளவு கவலைக்குரியது என்று எந்தக் கிராமச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார். கொரோனா காலத்தில் இந்திய வழிகாட்டுதலில் ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 வரை இருந்தால் மாடரேட், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. அதைப் போய் ‘மிதமான கொரோனா’ என்று எழுதினால் படிக்கிறவர் கஷாயம் போதும் என்றுதான் நினைப்பார்.

ஆகவே என் கட்சி இது: மழைக்கு ‘மிதமான’ நிலைத்துவிட்டது, இருக்கட்டும். நோய்க்கு அதைப் போடாதீர்கள், ‘நடுத்தர நிலை’ அல்லது ‘நடுத்தரத் தீவிரம்’ என்று போடுங்கள். ‘மிதமான’ என்றதும் வெதுவெதுப்பான தண்ணீரும் மாலைக் காற்றும்தான் நம் மனதில் வருகிறது, இதமான என்பதன் தம்பி போல ஆகிவிட்டது அந்தச் சொல்.

படி 3: வினையாக வந்தால் ‘குறை’ என்று அவசரப்படாதீர்கள்

கோபமான மின்னஞ்சலைப் பார்த்து மேலதிகாரி ‘மாடரேட் யுவர் டோன்’ என்றால் குரலைத் தணி என்று பொருள். ‘த விண்ட் மாடரேட்டட்’ என்றால் காற்று தணிந்தது. கோரிக்கைகளை மாடரேட் செய்தார்கள் என்றால் மட்டுப்படுத்திக்கொண்டார்கள். இவை மூன்றிலும் ‘குறைத்தல்’ பொருந்துகிறது, அதனால் எல்லா இடத்திலும் அதுதான் என்று தோன்றும். லத்தீன் மூலத்தில் இருப்பது ‘அளவு’ என்ற பொருள், குறைவு அல்ல. அளவுக்குள் கொண்டுவருவதுதான் வினை. அது சில சமயம் கூட்டுவதாகவும் இருக்கலாம்.

அணு உலையைப் பாருங்கள். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தில் கனநீர்தான் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) மாடரேட்டர், கூடங்குளத்தில் சாதாரண நீர். ‘மாடரேட்டர்’ என்ற பெயரைக் கேட்டதும் உலையை அடக்கி வைக்கிற பொருள் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் நிறைய பேர். நடப்பது தலைகீழ். யுரேனியம்-235 பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்கள் அசுர வேகத்தில் போகும், அந்த வேகத்தில் அவை அடுத்த அணுவைப் பிளக்கும் வாய்ப்பு குறைவு. கனநீர் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது, வேகம் தணிந்த நியூட்ரான்தான் அடுத்த அணுவைச் சுலபமாகப் பிளக்கும். ஆக, மாடரேட்டர் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்து அணுப்பிளவைத் தொடர வைக்கிறது. அதை அடக்குவது நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுக் கழிகளின் வேலை. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் முதன்முதலில் தொடர்வினையை ஓடவிட்ட உலையில் கிராஃபைட் மாடரேட்டர். அதே கல்பாக்கத்தில் இருக்கும் அதிவேக ஈனுலைக்கு மாடரேட்டரே கிடையாது, அது வேக நியூட்ரான்களை வைத்தே ஓடுவதற்காக வடிவமைத்த உலை.

*பின்சேர்க்கை:* இந்தப் படியைப் படித்த ஒரு வாசகர், ‘தேர்வில் மாடரேஷன் போட்டால் மார்க் ஏறுகிறதே, அப்ப அது எப்படி?’ என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் விட்டுவிட்ட உதாரணமும் கூட. வினாத்தாள் ஒரு தொகுதி மாணவர்களுக்குக் கடினமாக அமைந்தாலோ திருத்துபவர்களுக்குள் கைவாசி வித்தியாசம் இருந்தாலோ மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் மாடரேஷன். இறங்கவும் செய்யலாம், ஆனால் நம் நினைவில் ஏறியது மட்டும்தான் இருக்கும். 2017-இல் சி.பி.எஸ்.இ. இதைக் கைவிடப் பார்த்தபோது, நடுவழியில் விதியை மாற்றக் கூடாது என்று அந்த ஆண்டு தொடரச் சொன்னது டெல்லி உயர்நீதிமன்றம்.

படி 4: ஆளைக் குறித்தால் இடம் பார்த்துத் தமிழாக்குங்கள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி விவாதத்தில் மாடரேட்டர் என்றால் நெறியாளர். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர்களுக்குத் தலைமை வகிப்பவர் மாடரேட்டர், தமிழில் பிரதமப் பேராயர். விடைத்தாள் திருத்தத்தில் மேற்பார்வை பார்ப்பவருக்கும் இதே பெயர் உண்டு. எல்லோரையும் ‘மிதப்படுத்துபவர்’ ஆக்கிவிடாதீர்கள்.

அரசியலில் பெயராக வந்தால் மிதவாதி. 1907 சூரத் மாநாட்டில் காங்கிரஸ் உடைந்தபோது கோகலே பக்கம் மாடரேட்டுகள், திலகர் பக்கம் எக்ஸ்ட்ரீமிஸ்டுகள். வ.உ.சி.யும் பாரதியும் இங்கிருந்து சூரத்துக்குப் போனவர்கள், திலகர் பக்கம். பழைய புத்தகங்களில் அந்த அணியைத் தீவிரவாதிகள் என்றே எழுதியிருப்பார்கள், இன்றைக்கு அப்படி எழுதினால் வ.உ.சி.யை என்னவாக்கிவிட்டோம் என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். ஏணியில் ஒரு படியின் பெயர் மாறினால் பக்கத்துப் படியின் பொருளும் ஆடும் என்பதற்கு இது ஒன்று போதும். யார் மிதவாதி என்பது எதிரில் யாரை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

படி 5: கூட்டாளிச் சொற்களோடு மனப்பாடம் செய்யுங்கள்

தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தால் வாக்கியத்தில் தடுக்கும். லாங்மன் அகராதியில் கூடவே வரும் சொற்களைக் கொடுத்திருப்பார்கள், எனக்கு இந்த விஷயத்தில் அதுதான் பிடித்தது. ‘எ மாடரேட் சக்சஸ்’ என்றால் ஓரளவு வெற்றி, பட ரிலீஸ் சமயத்தில் சொன்னால் தயாரிப்பாளர் முகம் வாடும் அளவுக்கான வெற்றி. ‘மாடரேட்லி பிரைஸ்டு’ என்றால் கட்டுப்படியாகும் விலை. ‘மாடரேட் எக்சர்சைஸ்’ என்று டாக்டர் சொன்னால் தெருமுனைவரை போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவது அல்ல. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் அப்படி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு.

‘இன் மாடரேஷன்’ என்பதை ‘மிதமாக’ என்று போடுவதைவிட ‘அளவோடு’ என்று போட்டால் தமிழாக இருக்கும். ‘எவ்ரிதிங் இன் மாடரேஷன்’ என்பதை நம்மவர்கள் ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள், புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

‘மீடியம்’ வர வேண்டிய இடத்தில் இதைப் போடாதீர்கள். சட்டை அளவு மீடியம், அடுப்புத் தீ மீடியம், காபியில் சர்க்கரை மீடியம். ஆங்கில சமையல் புத்தகங்களில் கேக் சுடும் ‘அவன்’ அடுப்புக்கு மட்டும் ‘மாடரேட்’ வரும், பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் டிகிரியே போடாமல் ‘மாடரேட் அவன்’ என்று விட்டுவிடுவார்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* அது எத்தனை டிகிரி என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 180 டிகிரி செல்சியஸ், பழைய கணக்கில் 350 ஃபாரன்ஹீட். உள்ளே மின்விசிறி சுற்றுகிற கன்வெக்‌ஷன் அவன் என்றால் 160 வைத்தால் போதும்.