எரிசக்தி விதியும் கார்பன் விதியும்: ஆலைகள் எங்கே சறுக்குகின்றன?

போல்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சொந்தக் காற்றாலை இருக்கிறது, கூரை முழுக்க சோலார். சரக்கில் பாதி ஐரோப்பாவுக்குப் போகிறது. "கரன்ட் எல்லாம் பச்சை, நமக்குக் கார்பன் வரி எல்லாம் வராது" என்று முதலாளி தைரியமாக இருக்கிறார். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியை, தொழில் வட்டாரத்தில் சிபேம் என்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து வெறும் அறிக்கை அனுப்பினால் போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு கொடுக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகுப் பொருள்களுக்கு அது எண்ணுவது இரண்டைத்தான்: ஆலையில் எரியும் எரிபொருளின் நேரடி உமிழ்வு, வாங்கிய கச்சாப் பொருளோடு கூடவே வந்த உமிழ்வு. மின்சாரத்தால் வரும் மறைமுக உமிழ்வு இப்போதைக்கு சிமென்ட்டுக்கும் உரத்துக்கும்தான் சேரும். ஆகவே அந்தக் காற்றாலை, போல்ட்டின் சிபேம் கணக்கில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. போல்ட் வாங்கும் வாகனக் கம்பெனி அனுப்பும் கேள்விப்பட்டியலிலோ, பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையிலோ அதே காற்றாலைக்கு நல்ல மதிப்பு உண்டு.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு அளவுகோல். எந்த அளவுகோல் தன் ஆலை மேல் வைக்கப்படுகிறது என்று பார்க்காமல் செலவு செய்யக் கிளம்புவதுதான், என் கணக்கில், மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

எரிசக்தியும் கார்பனும் ஒன்றல்ல

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ், 2012இல் பிஏடி திட்டம் வந்தது. இலக்கைத் தாண்டி எரிசக்தியைச் சேமித்தவர் சான்றிதழ் பெற்று விற்கலாம், தவறியவர் அதை வாங்க வேண்டும். எட்டுத் துறைகளில் 478 பெரிய ஆலைகள். ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு எரிசக்தி என்பதுதான் அளவுகோல். எரிசக்தி அதிகாரிகளும் ஆடிட்டர்களும் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவர்கள். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது, 2023இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் வந்தது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், குளோர் ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின்), காகிதம் ஆகிய நான்கு துறைகளுக்கு இலக்கே நிர்ணயித்துவிட்டார்கள். இப்போது அளவுகோல், ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு என்பது. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டே புதிய கணக்கைப் படிப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கட்டிதான் கிளிங்கர்; அதை அரைத்தால்தான் சிமென்ட். ஒரு டன் கிளிங்கர் சுட்டால், எரிபொருளை விடுங்கள், சுண்ணாம்புக்கல்லிலிருந்தே அரை டனுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியேறும். ஃபேன் மோட்டாரை மாற்றினாலும் சூளை வெப்பத்தை மீட்டாலும் கல்லிலிருந்து வரும் அந்தப் பங்கு குறையாது. குறைய வேண்டுமென்றால் சிமென்ட்டில் கிளிங்கரின் அளவைக் குறைக்க வேண்டும். பிபிசி எனப்படும், சாம்பல் கலந்த சிமென்ட்டில் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் சாம்பல் இருக்கிறது. ஆக, கார்பன் இலக்கைத் தொடும் வேலையில் பெரும் பங்கு எரிசக்தி மேனேஜர் கையில் இல்லை. எந்த வகை சிமென்ட்டை டீலரிடம் தள்ளுகிறோம் என்று முடிவெடுக்கும் விற்பனைப் பிரிவின் கையில் இருக்கிறது. இலக்குக் கூட்டத்துக்கு விற்பனைப் பிரிவைக் கூப்பிடாத ஆலை, பாதி வழியை அடைத்துவிட்டு ஓடப் பார்க்கிறது.

எரிபொருளும் அப்படியே. அதே வெப்பத்துக்கு, பெட்கோக்கைவிட (எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) இயற்கை எரிவாயு 40 சதவீதத்துக்கும் மேல் குறைவாக உமிழும். எரிசக்திக் கணக்கில் இரண்டும் ஒரே கிலோகலோரி.

எந்த டன்னால் வகுக்கிறோம்?

கோவையில் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகள் பெரும்பாலும் மேலே சொன்ன அரசுப் பட்டியல்களில் வராது. ஆனால் வாங்கும் கம்பெனிகள் 'ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட்' என்று கேட்க ஆரம்பித்துவிட்டன. அங்கே பலரும் உருக்கிய உலோகத்தின் டன்னால் வகுத்து ஒரு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அது பார்க்க அழகான எண்.

இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் உருக்க 600 யூனிட் ஆகிறது என்று வைப்போம். உலோகம் அச்சுக்குள் போகும் வழியில் உறைந்து நிற்கும் ரன்னர், ரைசர் துண்டுகளை எல்லாம் வெட்டியபின் கையில் நிற்பது 60 சதவீதம். அதாவது ஒரு டன் வார்ப்படத்துக்கு 1,000 யூனிட். அதில் எட்டு சதவீதம் ரிஜெக்ட் ஆனால், விற்கத் தகுந்த ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட 1,087 யூனிட். உருக்கும் இடத்தில் ஒரு யூனிட்கூட மிச்சம் பிடிக்காமல், ரிஜெக்‌ஷனை மட்டும் பாதியாக்கினாலே 1,042க்கு இறங்கிவிடும். ரிஜெக்ட் வராதபடி அச்சு மணலின் ஈரத்தைச் சரியாக வைக்கிற மேஸ்திரி, புதிய உலை விற்க வருகிற ஆளைவிடப் பெரிய கார்பன் நிபுணர் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே ஷாப் ஃப்ளோரில் இன்னொன்று. உலோகம் உருகித் தயார், மோல்டு தயாராகவில்லை. அல்லது உலோகக் கலவையைச் சோதிக்கும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். உலை மூடி திறந்தபடியே இருக்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மாதாந்திர மின் கட்டண ரசீதில் இது தெரியவே தெரியாது. உலைக்குத் தனி மீட்டர் வைத்து, ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒரு முறை உருக்குவதற்கு) யூனிட்டை எழுதினால்தான் பிடிபடும். மீட்டர் இல்லாமல் ஆண்டுக் கடைசியில் ரசீதை உற்பத்தியால் வகுத்து அறிக்கை தயாரிப்பது ஆடிட்டருக்குப் போதலாம், ஆலைக்கு உதவாது.

கொள்முதல் டேபிளில் இருக்கும் கார்பன்

மறுபடி போல்ட். கம்பியை இழுத்து, தலையடித்து, மரை உருட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்வதில் வெளியாகும் நேரடி உமிழ்வு சொற்பம். பெரும் பங்கு வாங்கிய வயர் ராடில், அதாவது மூலக் கம்பியில், இருக்கிறது. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக இரண்டரை டன் கரியமில வாயு என்பது எஃகு அமைச்சகமே சொல்லும் கணக்கு. ஊதுலையில் தாதுவிலிருந்து வந்த கம்பிக்கும், ஸ்கிராப்பை மின் உலையில் உருக்கி வந்த கம்பிக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கம்பி.

மில் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் ரசாயனச் சேர்மானமும் இழுவிசையும் இருக்கும், உமிழ்வு இருக்காது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே நிபந்தனையாக எழுதிவிடுவது நல்லது. சரக்கு வந்து இறங்கியபின் கேட்டால் பதில் வராது. உண்மையான, சரிபார்க்கப்பட்ட எண் இல்லாவிட்டால் ஐரோப்பியத் தரப்பு நிலையான மதிப்பைப் போட்டுக்கொள்ளும். எஃகுக்கு அதன் மேல் 2026இல் 10 சதவீதம், 2027இல் 20, 2028 முதல் 30 சதவீதம் கூடுதல் சேரும். சுத்தமான கம்பி வாங்கியும் அதை நிரூபிக்கத் தாள் இல்லாதவர், அழுக்குக் கம்பிக்கான வரியைச் சுமப்பார்.

ஆண்டுக்கு 50 டன் வரை சிபேம் தரும் விலக்கு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. 'நான் வருஷத்துக்கு 15 டன்தான் அனுப்புகிறேன், எனக்கு வராது.' அந்த வரம்பு அங்கே இறக்குமதி செய்பவருக்கு. அவர் எல்லா நாட்டிலிருந்தும் வாங்குவதைக் கூட்டி 50 டன்னைத் தாண்டினால் உங்கள் 15 டன்னும் உள்ளேதான். உங்கள் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடலாம்.

காற்றாலை விஷயத்தில் இன்னொரு சறுக்கல். ஆலைக்குச் சொந்தமான காற்றாலை, ஆனால் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கிறார்கள், அல்லது புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். அப்புறம் அறிக்கையில் 'பசுமை மின்சாரம்' என்று எழுத முடியாது. பசுமையை விற்றாயிற்று, வாங்கியவருடையது அது. வாசலில் நட்ட மரக்கன்றுகளும் அப்படித்தான். நிழல் தரும், டன் கணக்கைக் குறைக்காது.

கடைசியாக, சான்றிதழ் வாங்கிச் சமாளித்துவிடலாம் என்ற கணக்கு. பிஏடி முதல் சுற்றில் இலக்கு 66.8 லட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான சேமிப்பு; நடந்தது 86.7 லட்சம். இலக்கு எளிது, விற்க வந்தவர்கள் அதிகம், சான்றிதழ் மலிவு. மோட்டார் மாற்றியவரைவிடச் சும்மா இருந்து சான்றிதழ் வாங்கியவருக்குச் செலவு குறைந்தது. விதி வந்தாலே ஆலை திருந்திவிடும் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த நினைவில் இப்போதும் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: புதிய விதியில் இலக்கைத் தொடாமலும் சான்றிதழ் வாங்காமலும் விட்டால், அந்தச் சுற்றின் சராசரி விலையைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு கட்ட வேண்டும். முதல் இலக்கு ஆண்டான 2025-26இன் கணக்கு, ஆலை விழித்துக்கொண்டதோ இல்லையோ, எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது.