ஹாரிஸ் பருந்தைக் கையுறைக்கு வரவழைத்தல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

பயிற்சி பெற்ற இரைகொல்லிப் பறவை மனிதரிடம் திரும்பி வருவது பாசத்தாலும் அல்ல, பயத்தாலும் அல்ல. அந்தக் கையில் உணவு இருக்கிறது, அந்தக் கையால் தனக்குத் தீங்கு வராது என்ற இரண்டும் அதற்கு உறுதிப்பட்டிருப்பதால்தான் அது வருகிறது. பிரித்தானியாவில் புதிதாகப் பருந்து பழக்கக் கற்பவர்களுக்கு ஹாரிஸ் பருந்தையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை வாழும் இந்தப் பறவை, கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடும் இயல்புடையது. தனித்து வாழும் மற்றப் பருந்துகளைவிட மனிதரின் அருகாமையை அது எளிதாக ஏற்றுக்கொள்வதற்கு அதுவே காரணம்.

இந்தியாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு சொல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டுப் பருந்தையோ வல்லூறையோ பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்ட பறவை கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இங்கே சொல்லும் எதையும் அதன்மீது முயலாதீர்கள். இந்த விளக்கம், கூண்டில் இனப்பெருக்கம் செய்து பிறந்த பறவையோடு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கப் பழகுபவர்களுக்கானது.

முதற்படி: கருவிகள்

இடக்கைக்குத் தடித்த தோல் கையுறை, பறவையின் கணுக்காலில் மாட்டும் தோல்பட்டை, அதில் கோக்கும் கால்வார்கள், முறுக்கு விழாமல் காக்கும் சுழல்வளையம், கட்டுக்கயிறு, வில் வடிவ இருக்கை, குளிக்க அகன்ற தட்டு ஆகியவை வேண்டும். கட்டுக்கயிற்றை ஒற்றைக் கையால் முடியப் பறவை வருவதற்கு முன்பே பழகிவிடுங்கள், ஏனென்றால் மற்றக் கையில் பறவை அமர்ந்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிராம் கணக்கில் துல்லியமாகக் காட்டும் தராசு. அது இல்லாதவர் பறவையை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: எடை

ஆண் பறவை ஏறத்தாழ 600 முதல் 700 கிராம் வரை இருக்கும். பெண் அதைவிடப் பெரியது, 900 கிராமைத் தாண்டுவது இயல்பு. வயிறு நிறைந்த பறவைக்கு உங்களிடம் வரவேண்டிய தேவை இல்லை. பட்டினியால் மெலிந்த பறவையோ நோய்வாய்ப்படும், சில நாட்களில் இறந்தும் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில், பசி எடுத்தும் உடல் தளராமலும் இருக்கும் ஓர் எடை ஒவ்வொரு பறவைக்கும் உண்டு, அதுவே பறக்கும் எடை. நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து, கொடுத்த உணவின் எடையையும் அன்றைய குளிரையும் நடத்தையையும் குறிப்பேட்டில் எழுதிவந்தால் அந்த எடை தானாகவே புலப்படும். அடுத்தவருடைய பறவையின் எடையை உங்கள் பறவைக்கு இலக்காக வைப்பது பெருந்தவறு.

எண்ணை மட்டும் நம்பாமல் விரலையும் நம்புங்கள். மார்பின் நடுவே ஓடும் எலும்பை மெல்லத் தடவிப் பாருங்கள். இருபுறமும் தசை உருண்டு திரண்டிருந்தால் நல்லது, எலும்பு கத்திமுனையைப் போல் துருத்தினால் உடனே உணவைக் கூட்ட வேண்டும். எச்சம் தூய வெள்ளையில் கருமை கலந்திருப்பது நலத்தின் அடையாளம். அது பச்சையாக மாறினால் வயிறு வெறுமையாக இருக்கிறது, அல்லது நோய் தொடங்கியிருக்கிறது. கடுங்குளிர் நாட்களில் உடல் வெப்பத்துக்கே உணவு செலவாகிவிடும் என்பதால், நேற்றைய அளவு இன்றைக்குப் போதாமல் போகலாம்.

மூன்றாம் படி: கையில் அமரப் பழக்குதல்

மங்கிய வெளிச்சமுள்ள அமைதியான அறையில் தொடங்குங்கள். கையுறை அணிந்த கைமுட்டியை முழங்கையைவிட உயரமாகப் பிடியுங்கள்; பறவை எப்போதும் உயரமான இடத்தை நாடும், முட்டி தாழ்ந்தால் அது உங்கள் தோளையும் முகத்தையும் நோக்கி நடக்கும். தொடக்கத்தில் பறவை கையிலிருந்து பாய்ந்து தலைகீழாகத் தொங்கி இறக்கையடிக்கும். இழுக்காமல், அதட்டாமல், உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து மெல்ல மேலே ஏற்றிவிடுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம், இரைகொல்லிகள் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். கையுறையில் உள்ள இறைச்சியைக் குனிந்து கொத்தும் நொடிதான் உண்மையான தொடக்கம், ஏனெனில் தலையைத் தாழ்த்தும் பறவை உங்களைக் கண்காணிப்பதைச் சற்று நிறுத்தியிருக்கிறது.

ஆபத்து அலகில் இல்லை, காலில்தான் இருக்கிறது. வெறுங்கையைக் காலருகே கொண்டுசெல்லாதீர்கள். அது உங்களைப் பற்றிவிட்டால் கையை உதறவோ பிடுங்கவோ கூடாது. அசைவு அதற்கு உயிருள்ள இரையின் அசைவு, பிடி இன்னும் இறுகும். அதன் கால் மடங்கும்போது விரல்களின் தசைநாண்கள் தாமாகவே பூட்டிக்கொள்வதால், அசையாமல் நின்று, துணையாக இருப்பவர் காலை மெல்ல நீட்டி, பின்விரல் நகத்தை முதலில் விடுவிக்கும்படி செய்யுங்கள். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள்; இறைச்சியைக் கிழித்த நகம் என்பதால் சிறு கீறலும் சீழ்பிடிக்கக்கூடும்.

நான்காம் படி: தாவலிலிருந்து பயிற்சிக்கயிறு வரை

இருக்கையிலிருந்து கையுறைக்கு ஓர் அடி தாவச் செய்து, சிறு துண்டு இறைச்சியைப் பரிசாகக் கொடுங்கள். தயங்காமல் வந்தால் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். வெளியே போனதும் கால்வாரில் நீண்ட மெல்லிய கயிற்றைக் கட்டி, புதரும் கம்பிவேலியும் இல்லாத புல்வெளியில் பறக்கவிடுங்கள். எதிர்க்காற்றில் பறந்து வந்து இறங்குவதே பறவைக்கு எளிது என்பதால், காற்று வரும் திசையில் நீங்கள் நின்று அழையுங்கள். உடனே வராத பறவையைக் கயிற்றால் இழுத்து வரவழைப்பது இதுவரை சேர்த்த நம்பிக்கையைக் கெடுக்கும். அன்று எடையைச் சரிபார்த்து, தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கயிறின்றி

முழுத் தூரத்தையும் பல நாட்கள் தொடர்ந்து, அழைத்த உடனே பறந்து கடந்த பிறகே கயிற்றை அவிழ்க்கலாம். அதற்கு முன், சுழல்வளையம் மாட்டத் துளையிட்ட கால்வார்களைக் கழற்றித் துளையில்லாதவற்றை அணிவியுங்கள். துளை கிளையில் சிக்கினால் பறவை தலைகீழாகத் தொங்கியே இறந்துவிடும். இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்தி, அது வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பலத்த காற்று நாளிலும் மாலை இருட்டும் நேரத்திலும் விட வேண்டாம். முதல் நாள் ஒரே ஓர் அழைப்போடு நிறுத்தி, பறவை வந்தவுடன் அன்றைய உணவு முழுவதையும் கையுறையிலேயே கொடுத்துவிடுங்கள்.