‘நாயை வெளிய கட்டிப்போட்டு வாங்க’: வழிகாட்டி நாயோடு வருபவரிடம் நம் சாப்பாட்டுக் கடைகள் செய்யக்கூடாதவை

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வரவேணும் என்று லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் நெடுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். நீரிழிவால் பார்வை போனவர். அங்கே வேலைக்கும் கடைகண்ணிக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது ஒரு கறுப்பு லாப்ரடோர் நாய். ஊருக்கு வரும்போது அதை விட்டுவிட்டு வெள்ளைப் பிரம்போடுதான் வந்தார். விசர்நாய்க்கடி நோய் இன்னும் ஒழியாத நாடு இது. நாயைக் கொண்டுவரவும் திரும்பக் கொண்டுபோகவும் அனுமதிப்பத்திரம், ஊசி, இரத்தப் பரிசோதனை என்று பெரிய அலுவல்.

தீர்த்தம் முடிந்து, பசியோடு மட்டக்களப்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். காசு கொடுக்கும் நேரம் அண்ணன் முதலாளியிடம் கேட்டார்: “தம்பி, நான் என்ட நாயோட வந்திருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?”

“நாயையா? அதெப்படி அண்ணன், பிறகு சனம் கடைக்கு வராதே. வெளிய கட்டிப்போட்டு வந்தா சரிதானே.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் தடுமாறக் கூடாதென்று கதிரையை இழுத்துப் போட்டவரே அவர்தான். வழிகாட்டி நாயை அவர் கண்டதில்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் கண்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் வெளிநாட்டார் வருகிறார்கள். புலம்பெயர்ந்து போன நம் ஆட்களுக்கும் வயது ஏறிக்கொண்டு போகிறது. என்றைக்காவது ஒரு நாள், சேணம் பூட்டிய நாயொன்று ஓர் ஆளோடு நம் கடை வாசலில் வந்து நிற்கும். அன்றைக்குப் பிழை விடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே விடத்தான் வேண்டும்.

முதல் தவறு, அதைத் தெருநாயோடு சேர்த்து எண்ணுவது. முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஆளும் நாயுமாக முதல் நான்கு சோடிகள் 1931 இல் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகத் தேறிவந்த தொழில் இது. குட்டியாக இருக்கும்போதே பஸ், சந்தை, உணவகம் என்று கூட்டிக்கொண்டு திரிந்து பழக்குகிறார்கள். வேலைக்குத் தயாராக ஏறக்குறைய இரண்டு வருடம் எடுக்கும். போகும் வழியைத் தீர்மானிப்பது மனிதர்தான். படி, பள்ளம், எதிரே வரும் சைக்கிள், தலைமட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, இவற்றில் இடிபடாமல் கொண்டுபோவது நாயின் வேலை. ‘நட’ என்று சொன்னாலும், முன்னால் வாகனம் வந்தால் அது நடக்காது. அந்த இடத்தில் சொல்லை மீறவும் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். உணவகத்துக்குள் வந்தால் மேசைக்குக் கீழே, எசமானின் காலடியில் படுத்துவிடும். லண்டனில் அண்ணனோடு சாப்பிடப் போனபோது, எழும்பி வரும்வரை பக்கத்து மேசைக்காரருக்கு அங்கே ஒரு நாய் கிடந்ததே தெரியாது.

‘வெளிய கட்டிப்போட்டு வாங்க’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். நம் கடை வாசல் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகல் 12 மணி வெயில், கொதிக்கிற தார் ரோட்டு, எலும்புக்குக் காத்திருக்கும் நாலைந்து கட்டாக்காலி நாய்கள். கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது. ஒரு கடி விழுந்தால், ஒரு பொடியன் கல்லெறிந்தால், அதன் பிறகு வெளியே இறங்கவே அது பயப்படலாம். அப்படி நடந்தால் போவது ஒருவருடைய நடமாட்டம். இன்னொன்றையும் பாருங்கள்: நாயை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருபவர் கழிவறைக்குப் போவது எப்படி, மேசைகளுக்கு நடுவே நடப்பது எப்படி? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வாருங்கள் என்று யாரிடமாவது சொல்வோமா?

“பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா கடையை மூடிப்போடுவார்” என்ற பயமும் இருக்கிறது. இங்கே இரண்டு விடயம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கிறது. சமையலறை வேறு, சாப்பிடும் இடம் வேறு. சமைக்கிற, வெட்டுகிற, சாமான் அடுக்குகிற இடத்துக்குள் எந்த நாயும் போகக்கூடாது. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. வழிகாட்டி நாய் அங்கே போகவும் போகாது. வாடிக்கையாளர் உட்காரும் இடத்தைப் பற்றித்தான் பேச்சு. நம் அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை கடைகளையும் பொது உணவகங்களையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: இனம், மதம், மொழி, சாதி, பால் என்று காரணம் காட்டி எவரையும் அங்கே தடுக்கக்கூடாது. உடற்குறைபாடு அந்த வரியில் இல்லை. அதற்காகத்தான் இயலாமையுடையவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்துக்கும் ஒருவர் போவதற்கு, அவருடைய இயலாமையைக் காரணம் காட்டித் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்கிறது அதன் 23 ஆம் பிரிவு. அந்தப் பிரிவு நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, இயலாமையுடையவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, நடமாட்டத்துக்கு உதவும் கருவிகளோடு உயிருள்ள துணைகளின் உதவியையும் சேர்த்தே பேசுகிறது. கண்ணுக்குப் பதிலாக வரும் துணையை மறித்தால் ஆளை மறித்ததாகத்தான் நான் எடுப்பேன். பயமென்றால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வாசலில் நிற்கும்போது அந்த விவாதத்தைத் தொடங்க வேண்டாம்.

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பாரமான கேள்வி ஒன்று உண்டு. இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) நாய் கடும் நஜீஸ், அதாவது அசுத்தம். அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும். இதை ‘பழைய பழக்கம்’ என்று தள்ளிவிட்டுப் பேசுவது, வழிகாட்டி நாய்க்காக வாதாடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. அது ஒருவருடைய தொழுகையோடு சேர்ந்த விடயம். அந்த மார்க்கச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது என்று காத்தான்குடியில் கடை நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். நஜீஸ் ஒட்டுவது ஈரத்தால். காய்ந்த நாய் காய்ந்த தரையில் படுத்தால் தரைக்கு ஒன்றும் ஆகாது. தேவைக்காகப் பழக்கிய வேட்டை நாயைக் குர்ஆனே அனுமதிக்கிறது. “அந்தக் காக்காவுக்குக் கண் இல்லயே, அவருக்கு அது தேவதானே” என்றார். 2008 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளிவாசல், மார்க்க அறிஞர்களின் தீர்ப்போடு, பார்வையற்ற இளைஞர் ஒருவரின் வழிகாட்டி நாயை அனுமதித்தது. தொழும் இடத்துக்குள் அல்ல. அவர் தொழுது முடியும்வரை நாய் இருக்க வாசல் பக்கம் தனி இடம். பள்ளிவாசலிலேயே இது முடியுமென்றால், சாப்பாட்டுக் கடையில் வாசலுக்குக் கிட்ட ஒரு மேசையை ஒதுக்குவது பெரிய காரியமில்லை. கடையின் கோப்பையில் நாய்க்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் தாங்களே ஒன்று கொண்டுவருவார்கள்.

அத்தாட்சிக் கடதாசி கேட்டு வாசலில் மறிப்பதும் சரியில்லை. கேட்காமல் எல்லா நாயையும் விடுவதும் சரியில்லை. இயலாமையுடையவர்களுக்கான அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கு நல்ல வழி இருக்கிறது. கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். இயலாமை காரணமாகத் தேவைப்படும் நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது? அறுகம்பையில் கடற்கரை நாயொன்றைக் கூட்டிக்கொண்டு வந்து ‘இது கூட இருந்தால் எனக்கு ஆறுதல்’ என்று சொல்லும் சுற்றுலாக்காரருக்கு இந்த உரிமை இல்லை. அமெரிக்காவிலும் ஆறுதலுக்கு வளர்க்கும் நாயைச் சட்டம் இதில் சேர்ப்பதில்லை. வழிகாட்டி நாயாகவே இருந்தாலும், குரைத்து, பாய்ந்து, எசமான் அடக்கியும் அடங்காவிட்டால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். ஆளை மட்டும் மரியாதையாக உள்ளே இருத்திச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

நாயே இல்லாமல் அன்றைக்கு எங்களுக்கு நடந்த தவறும் ஒன்று உண்டு. வெயிட்டர் பொடியன் என்னைப் பார்த்து, “அவருக்கு என்ன வேணுமாம்?” என்று கேட்டான். அண்ணன் எனக்கு எதிரேதான் இருந்தார். காதுக்கு ஒன்றும் இல்லை, வாய்க்கும் ஒன்றும் இல்லை. இருக்கிற கறிகளை விலையோடு அவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். கோப்பையை வைக்கும்போது ‘சோறு உங்கட பக்கம், பருப்பு வலப்பக்கம், சொதி சுடுது’ என்று சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்; உங்கள் முழங்கையை நீட்டினால் அவரே பிடித்துக்கொள்வார். நாயின் சேணத்தை மட்டும் தொடவே கூடாது. அது அவருடைய கைப்பிடி.

நாயைக் கூப்பிடுவது, தடவுவது, படமெடுக்கச் சூழ்ந்து நிற்பது, எல்லாம் அதன் கவனத்தைக் குலைக்கும். பாசத்தில் கொத்துப் பராட்டாவில் ஒரு துண்டு போட்டுவிடாதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு; கோழி எலும்பு தொண்டையில் குத்தும். பக்கத்து மேசையில் நாய்க்குப் பயந்த பிள்ளை இருந்தால், இரண்டு பேரையும் தூரத் தூர இருத்தினால் போதும்.

நாயோடு வருகிறவர்களுக்கும் சில சொல்ல இருக்கிறது. கடலில் குளித்த நாயை நேரே கடைக்குள் கொண்டுவராதீர்கள். துடைத்து, காயவைத்து, மலசலம் கழிக்கவிட்டுப் பிறகு வாருங்கள். மேலே சொன்ன ஈரத்தின் காரணத்தால் இந்தக் கரையில் அது இரட்டிப்பு முக்கியம். கட்டாயமில்லாவிட்டாலும், முதல் நாளே ஒரு கோல் எடுத்துச் சொன்னால் முதலாளி மேசையை ஆயத்தமாக வைத்திருப்பார். பகல் சாப்பாட்டுக்கு ஓட்டோவில் வருவதுதான் நல்லது. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் வைத்திருக்க உங்களால் முடியாவிட்டால், நாயின் பாதமும் அதில் நடக்க முடியாது.