ஊசி குத்திவிட்டால் உடனே என்ன செய்வது?

வீடு வீடாகப் போய் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் ஊழியர்களை வைத்திருக்கும் அமைப்புகளுக்கு இது. இன்சுலின் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது விரலில் குத்திவிடுவது சகஜம். மூடி மாட்டவே வேண்டாம். பையில் ஊசி துளைக்காத கெட்டி டப்பா ஒன்று இருக்கட்டும். போட்ட கையோடு அதில் போட்டுவிடலாம். முக்கால் பங்கு நிரம்பியதும் டப்பாவை மாற்றுங்கள்.

அப்படியும் குத்திவிட்டால்? சிலர் விரலைப் பிதுக்குவார்கள், சிலர் வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். இரண்டும் கூடாது. ஸ்பிரிட்டும் வேண்டாம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். அப்புறம் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையென்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, அதிகபட்சம் 72 மணி நேரம். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியை வேலைக்குச் சேரும்போதே அமைப்பின் செலவில் போட்டுவிடுங்கள். மூன்று தவணையும் முடிய ஆறு மாதம் ஆகும். இன்னொன்று, குத்திக்கொண்டதைச் சொன்னால் திட்டு விழும் என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. யாரும் கோபப்பட மாட்டார்கள் என்பதை முதல் நாளே சொல்லி, இரவிலும் எடுக்கும் ஒரு போன் எண்ணைக் கொடுத்துவையுங்கள்.