பழைய காரைக் கொடுத்து வேறு கார் எடுக்கும்போது விலை பேசும் முறை

கார் சேலுக்குள், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடைக்குள், போனதும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "தம்பி, உங்கட வாகனத்தைத் தந்திட்டு மேல எவ்வளவு போடுவியள்?" என்பதுதான். அதற்கு ஒரு தொகையைச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு வியாபாரம் இருக்கிறது: சேல்காரரின் காரை நீங்கள் வாங்குவது ஒன்று, உங்கள் காரை அவர் வாங்குவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பேசினால் எதில் விட்டுக்கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. "நானா, முதல்ல உங்கட வாகனத்தின்ர காசு விலையைச் சொல்லுங்கோ, என்ர காரைப் பிறகு பாப்பம்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

ஒரு கணக்குக்கு, வேகன் ஆருக்கு 72 இலட்சம் கேட்கிறார், உங்கள் அல்டோவுக்கு 34 தருகிறேன் என்கிறார் என்று வைப்போம். நீங்கள் 33 தான் எதிர்பார்த்தீர்கள், சந்தோஷமாக 38 இலட்சம் மேலே போடுகிறீர்கள். ஆனால் அதே வேகன் ஆர் காசுக்கு 68 இற்கு வந்திருக்கும். அல்டோவை வேறொரு சேலில் 31.5 இற்குக் கொடுத்திருந்தாலும் கையால் போகும் காசு 36.5 தான். கூடுதல் விலை கிடைத்தது போல் தெரிந்த இடத்தில் ஒன்றரை இலட்சம் போய்விட்டது.

ஆகவே போகுமுன் உங்கள் காருக்கு இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு வையுங்கள். திருகோணமலை ரவுணில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று, முடிந்தால் கந்தளாயில் ஒன்று. சேல்காரர் அதைத் திருத்தி, இலாபமும் வைத்து விற்கவேண்டும். நேரடியாக விற்பதைவிடக் குறைத்துத் தருவது நியாயம்தான். வாங்கப்போகும் காருக்கு இணைய விளம்பரங்களைப் பாருங்கள், ஆனால் அவை கேட்கும் விலை, விற்ற விலையல்ல. ஒப்பிடும்போது உற்பத்தி ஆண்டையே பாருங்கள். 2014 இல் செய்து 2016 இல் பதிந்த காரை 2016 என்று சொல்லித்தான் விற்பார்கள். பதிவுப் புத்தகத்தில் இரண்டும் இருக்கும்.

பேரத்துக்குப் பலம் தருவது பரிசோதனைதான். எங்கள் பக்கத்தில் முதல் எதிரி உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் நின்ற காரின் மேல்பக்கம் கண்ணாடி போல் மின்னும், அடிப்பக்கம் தின்னப்பட்டிருக்கும். காரை லிஃப்ற்றில் ஏற்றிக் கதவுகளுக்குக் கீழ் ஓடும் விளிம்பு, பிரேக் குழாய்கள், சைலன்சர் தொங்கும் இடம், டிக்கிக் கம்பளத்தின் கீழ் உபரிச் சில்லுக் குழி எல்லாவற்றையும் பாருங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் கட்டாயம்: சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள், சீற் தண்டவாளத்தின் ஆணிகளில் துருவையும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். வயரிங் பிரச்சினை மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். போனவுடன் பொன்னற்றில் கைவையுங்கள். சூடாயிருந்தால் முன்கூட்டியே ஸ்ரார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஏ.சி.யை மதிய வெயிலில் சோதியுங்கள். கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் அதில்லாமல் ஓடமுடியாது. உவர்மலை ஏற்றத்தில் ஒருமுறை, கன்னியாப் பக்கம் அனுராதபுர வீதியில் கொஞ்சம் வேகமாக ஒருமுறை ஓட்டினால் கியர், சஸ்பென்ஷன் இரண்டும் தெரியும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் ஸ்கானரோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். ஓட்டத்தின்போது பற்றரித் தொகுதிகளுக்கிடையே வோல்ற்றளவு வித்தியாசம் கூடினால் பற்றரி களைத்துவிட்டது. பின்சீற்றருகே உள்ள பற்றரி விசிறியில் தூசு அடைத்திருந்தாலும் எங்கள் வெக்கையில் பற்றரி சீக்கிரம் பழுதாகும். ரயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019 இன் 23ஆவது வாரத்தில் செய்தது.

கண்ட குறைகளை எழுதி, திருத்தச் செலவை ஒரு கராஜில் கேட்டு, அந்தத் தொகையோடு போய்ப் பேசுங்கள். "கொஞ்சம் குறையுங்கோ" என்பதற்கு ஐயாயிரம் குறையும்; "நாலு ரயரும் முன் ஷொக் அப்சோர்பரும் மாத்தவேணும், கராஜில இவ்வளவு சொல்லினம்" என்பதற்கு அவர் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். அந்த விலை முடிந்த பிறகுதான் உங்கள் காரின் பேச்சை எடுங்கள், கையில் உள்ள மற்ற விலைகளோடு. லீசிங் தாங்களே செய்து தருகிறோம் என்றால் மாதத் தவணையை மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். விலையில் குறைத்ததை வட்டியில் எடுத்துவிட இடமுண்டு.

முற்பணம் கொடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் செசி இலக்கத்தை வாகனத்தில் நேரே வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டில் வாகன இலக்கம், செசி இலக்கம், முடிவான விலை, ஆவணம் பிழைத்தால் முற்பணம் திரும்பும் என்ற வரி நான்கும் வேண்டும். ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் உரிமையாளர் கையொப்பமிட்ட படிவத்தில், வாகனம் எடுக்க வேண்டாம். கையொப்பமிட்டவர் வெளிநாடு போனாலோ இறந்தாலோ பெயர் மாற்றம் இழுபட்டுவிடும்.

உங்கள் காரைக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும், இதில்தான் அதிகம்பேர் அசட்டையாக இருக்கிறார்கள். வாங்குபவர் பெயர் இல்லாத படிவத்தில் கையொப்பமிட்டால் அந்தக் கார் பத்துக் கை மாறினாலும் விபத்தும் அபராதமும் உங்கள் பெயருக்கே வரும். லீசிங் மிச்சமிருந்தால் கம்பனியிடம் மிச்சக் காசு எவ்வளவு என்று காட்டும் தீர்வுக் கடிதம் எடுத்து, அந்தக் காசை யார் எந்தத் திகதிக்குள் கட்டுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். கைமாறிய திகதி, நேரம், மீற்றர் அளவு, இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள் கொண்ட கடிதத்தில் இரண்டு பக்கமும் கையொப்பம் வைத்து, 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவித்து, காப்புறுதிக் கம்பனியிலும் சொல்லுங்கள். காப்புறுதியில் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான கழிவு உங்களுக்கு உரியது. அதைப் புதிய காருக்கு மாற்றித் தரும்படி அப்போதே கேளுங்கள்.